ஜப்பானில் கார் வாங்கி, அங்கேயே ஓட்டி, வன்னிக்கு இறக்குவது: ஸ்போர்ட்ஸ் கார் ஆசைக்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வவுனியாவில் வாகன வேலையோடு புழங்குகிறவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். "அண்ணை, ஜப்பானுக்குப் போய் நானே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் எடுத்து, அங்கேயே கொஞ்ச நாள் ஓடித் திரிஞ்சுபோட்டு, பிறகு கப்பலில ஏத்திவிடலாமோ?" கேட்பவர் கிளிநொச்சியில் கடை வைத்திருப்பார், அல்லது வெளிநாட்டில் உழைத்துவிட்டு ஊரோடு வந்து இருந்தவராக இருப்பார். கையில் போனும் போனில் ஒரு சிவப்புக் காரின் படமும் இருக்கும்.

ஏலும். ஆனால் பெரும்பாலானவர்கள் வேலையைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் கார், பிறகு காசு, கடைசியில் சட்டம். சரியான ஒழுங்கு இதற்கு நேர் எதிர். அரசாங்க வர்த்தமானி எதை விடுகிறது என்று பாருங்கள். அதில் எதை எங்கள் றோட்டு தாங்கும் என்று பாருங்கள். மிஞ்சுகிறதில் மனதுக்குப் பிடித்ததை எடுங்கள். அப்படிப் போனால் ஜப்பானில் ஓடும் நாட்களில் தலையில் பாரம் இருக்காது.

முதலில் சட்டமும் வரியும்

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனிப்பட்ட பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் கதவு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளே பவுன் விலைக்குப் போயின. வன்னிக்கு இது புதிதில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு சொட்டுப் பெற்றோலில் இயந்திரத்தை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய ஊர் இது. ஆனாலும் ஐந்து வருடத் தடைக்குப் பிறகு வந்த விதிகள் இறுக்கமானவை. அவற்றைத் தெரியாமல் ஜப்பானுக்கு விமான ரிக்கெற் போடாதீர்கள்.

கார் உற்பத்தியாகி மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது. அதிகமான கனவுகள் இந்த ஒரு வரியிலேயே முடிந்துவிடும். மஸ்டா ஆர்.எக்ஸ்-7, தொண்ணூறுகளின் சுப்ரா, பழைய ஸ்கைலைன் என்று சுவரில் படம் ஒட்டி வளர்ந்தவர்கள் அந்தப் படத்தைச் சுவரிலேயே விட வேண்டியதுதான். வாங்கப்போவது இன்றைய மொடல், அதுவும் கிட்டத்தட்டப் புதிது.

இதற்குள் ஒரு நுணுக்கம் உண்டு. ஜப்பானியப் பதிவுப் பத்திரத்தில் இருப்பது முதன்முதல் பதிவு செய்த மாதம். எங்கள் சுங்க ஆட்கள் கணக்கில் எடுப்பது உற்பத்தித் திகதி. இரண்டுக்கும் இடையில் சில மாத வித்தியாசம் வரலாம். செசி இலக்கத்தை வைத்து உற்பத்தி மாதத்தை எழுத்தில் எடுத்துத் தரும்படி ஏற்றுமதியாளரிடம் கேளுங்கள். நீங்கள் ஓடித் திரியப்போகிற நாட்களும் கப்பலுக்குக் காத்திருக்கிற நாட்களும் காரின் வயதில் சேரும் என்பதால், இரண்டே முக்கால் வருடமான கார் மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள். இரண்டு வருடத்துக்கு உட்பட்டதாகப் பார்ப்பது நிம்மதி.

தனியாள் ஒருவர் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு வாகனம்தான் கொண்டுவரலாம். ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். ஜப்பான் காரில் அது பிரச்சினை இல்லை. ஜெர்மனியிலோ கனடாவிலோ இருக்கிற சித்தப்பா "இங்க மலிவு" என்று சொன்னால் அன்போடு மறுத்துவிடுங்கள். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் வரி அடையாள இலக்கம் இல்லாதவர்கள் இப்போதே எடுத்துவையுங்கள். வாகனம் பதியும்போது அதைக் கேட்பார்கள்.

இனி வரி. காரின் விலை, கப்பல் கூலி, காப்புறுதி மூன்றும் சேர்ந்ததை சி.ஐ.எஃப் என்பார்கள். 2025இல் கதவு திறந்தபோது அதன்மேல் 20 சதவீதச் சுங்கத் தீர்வையும், அந்தத் தீர்வையின் அரைவாசி மேலதிகக் கட்டணமாகவும் வந்தன. அடுத்தது கலால் வரி. அது இயந்திரத்தின் சி.சி.யைப் பிடித்துக் கணக்கிடுவது. 1000, 1300, 1500, 1600, 1800, 2000, 2500 என்று படிகள் இருக்கின்றன. படி ஏறினால், தாண்டிய மிச்சத்துக்கு மட்டும் இல்லை, மொத்த சி.சி.க்கும் கூடிய வீதம். பிறகு ஆடம்பர வரி: பெற்றோல் காரின் பெறுமதி 50 லட்சத்தைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 100 சதவீதம். 60 லட்சக் கார் என்றால் கூடிய 10 லட்சத்துக்கு இன்னொரு 10 லட்சம் வரி. தீர்வைகளும் கலால் வரியும் சேர்ந்த தொகையின் தலையில் 18 சதவீத வற் (பெறுமதி சேர்) வரி, அதாவது வரிக்கும் வரி.

வீதங்கள் வரவு செலவுத் திட்டத்தோடு மாறும். காசு கட்டுவதற்கு முதல் நாள் நடைமுறையில் இருக்கிற வர்த்தமானியை வைத்து, சுங்கத்தில் சாமானை விடுவித்துத் தருகிற கிளியரிங் ஏஜென்ட் ஒருவரிடம் எழுத்தில் கணக்குப் போட்டு வாங்குங்கள். ஜப்பானில் பார்த்த விலை வீட்டு வாசலுக்கு வரும்போது சில மடங்காகியிருக்கும். விலையைக் குறைத்துக் காட்டிய பற்றுச்சீட்டைக் கொடுத்துத் தப்பலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அந்த மொடலின் புது விலை என்னவென்று சுங்கத்துக்குத் தெரியும்.

எந்தக் கார்

என் பக்கச்சார்பை முதலே சொல்லிவிடுகிறேன். வன்னிக்காரருக்கு மஸ்டா ரோட்ஸ்டர். துணிக்கூரை போட்ட, கியர் கையால் மாற்றுகிற, 1.5 லீற்றர் கார்.

முதல் காரணம் வரி. அதன் இயந்திரம் 1496 சி.சி. 1500 படிக்குக் கீழே நாலு சி.சி. விட்டு நிற்கிறது. டொயோட்டா ஜி.ஆர்.86 இன் இயந்திரம் 2387 சி.சி. வேகத்தில் ரோட்ஸ்டரைத் தூக்கி எறிந்துவிடும். கலால் வரியில் உங்களையும் எறிந்துவிடும். நிசான் இசட் மூன்று லீற்றர். அதைப் பற்றி இங்கே கதைக்கவே வேண்டாம். ஆகச் சின்னதாக வேண்டும் என்றால் டைஹட்சு கோப்பன் இருக்கிறது. 660 சி.சி.க்கு உட்பட்ட, பொம்மை மாதிரி ஒரு இரண்டு சீற்றுக்காரன். வரி குறைவு. ஆனால் எங்கள் ஏ9 பெருந்தெருவில் கொழும்பு பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு பின்னால் வரும்போது அதற்குள் இருக்க எனக்கு மனம் வராது.

இரண்டாவது காரணம் நிலத்துக்கும் காரின் அடிக்கும் உள்ள இடைவெளி. ரோட்ஸ்டருக்கு அது 140 மில்லிமீற்றர், ஜி.ஆர்.86க்கு 130. இரண்டும் எங்கள் ஒழுங்கைகளுக்குக் குறைவுதான். ஏ9 கண்ணாடி மாதிரிக் கிடக்கிறது. பரந்தனில் இருந்து புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவு போகிற ஏ35உம் நல்ல றோட்டு. பிரதான வீதியில் இருந்து உங்கள் வீட்டுப் படலைக்கு வருகிற அந்தக் கடைசிக் கிரவல் துண்டுதான் பரீட்சை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அடிமட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு உங்கள் ஒழுங்கையை நடந்து பாருங்கள். நடுவில் மேடு எவ்வளவு, மதகு ஏறும் இடத்தில் சரிவு எவ்வளவு, மாரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று. 14 சென்ரிமீற்றருக்கு மேலே ஒரு கல் தலை நீட்டினால் ஒன்றில் கல்லை எடுக்க வேண்டும், அல்லது ஆசையை எடுக்க வேண்டும்.

மூன்றாவது, எடை. ஒரு தொன் சொச்சம்தான். பாரம் குறைந்த காருக்கு 1.5 லீற்றரே தாராளம். நேராகப் பறப்பதற்கு என்று இந்தக் காரைச் செய்யவில்லை. வளைவுக்குள் திருப்பும்போது கை எதைச் சொல்கிறதோ அதைச் செய்யும், அதுதான் அதன் கெட்டித்தனம். 1989இல் தொடங்கிய இந்த வரிசை 2016இல் பத்து லட்சம் கார்களைத் தாண்டியது. பாகங்கள் கிடைக்காதே என்ற பயம் அவ்வளவாக வேண்டாம்.

குறைகளும் உண்டு. இரண்டே இரண்டு சீற். டிக்கிக்குள் 130 லீற்றர் இடம். மேலதிக ரயர் இல்லை. பஞ்சர் ஒட்டும் மருந்துப் போத்தலும் காற்றடிக்கும் சின்ன மெசினும்தான் தருவார்கள். வட்டக்கச்சியில் இந்தக் காரை எடுத்த என் கூட்டாளியின் அம்மா படத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "ரெண்டு பேர்தானோ இருக்கலாம்? அப்ப நான் கோயிலுக்கு என்னெண்டு வாறது?" நியாயமான கேள்வி. வீட்டில் வேறு வாகனம் இல்லையென்றால் இந்த வழிகாட்டியை இந்த இடத்தோடு மூடிவையுங்கள்.

காசு போகும் பாதை

இது சுருக்கம், ஆனால் கறார். இறக்குமதிக்கு வங்கியில் எல்.சி. (வங்கி தரும் கொடுப்பனவு உத்தரவாதக் கடிதம்) திறந்து, ஏற்றுமதியாளரின் பேருக்குக் காசு போவதுதான் நேர் வழி. உண்டியல், அதாவது வங்கிக்கு வெளியே ஆள்வழியாகக் காசு அனுப்புவது, வேண்டாம். எங்கள் பக்கம் உண்டியலில் காசு அனுப்புவது பால் வாங்குவது மாதிரிச் சாதாரணம் என்பது தெரியும். ஆனால் சுங்கத்தில் "இந்தக் காசு எப்படிப் போனது" என்று கேட்டால் உண்டியல்காரர் வந்து சாட்சி சொல்லமாட்டார். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ உங்கள் வங்கிக் கிளை முகாமையாளரோடு முதலில் கதையுங்கள். எல்.சி. வேலை பெரும்பாலும் கொழும்புத் தலைமைக் காரியாலயத்தில்தான் நடக்கும். அந்தப் பிரிவில் யாரோடு பேசுவது என்று அவர் காட்டுவார்.

வீசாவும் லைசென்சும்

இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஜப்பான் வீசா தேவை. அங்கே உறவினரோ நண்பரோ இருந்தால் அவரின் அழைப்புக் கடிதமும் பொறுப்பேற்புக் கடிதமும் வேலையைச் சுலபமாக்கும். சர்வதேசச் சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கொழும்பில் ஒட்டோமொபைல் அசோசியேஷன் ஒஃப் சிலோன் வழங்குகிறது. ஜப்பான் ஏற்றுக்கொள்வது 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கிய பத்திரத்தைத்தான். இலங்கை அதில் இருக்கிறது. அட்டையில் அந்த ஆண்டு அச்சாகியிருக்கிறதா என்று கவுண்டரிலேயே பாருங்கள். ஓடும்போது அதோடு இலங்கை லைசென்சும் கடவுச்சீட்டும் கையில் இருக்க வேண்டும்.

காரைத் தேடுவது: ஏலத்தாளை வாசிக்கப் பழகுங்கள்

ஜப்பானில் பாவித்த கார்களின் பெரும் சந்தை ஏலங்கள். நீங்கள் நேரே போய்க் கை தூக்க முடியாது, உறுப்பினரான ஏற்றுமதியாளர் ஊடாகத்தான் எடுக்கலாம். ஒவ்வொரு காருக்கும் பரிசோதகர் எழுதிய ஒரு தாள் இருக்கும். அந்தத் தாளை வாசிக்கத் தெரிந்தால் ஏமாற்றுவது கடினம்.

மேல் மூலையில் தரம். எஸ், 6, 5 என்பவை புதுசுக்கு ஒப்பானவை. 4.5 மிக நல்லது, 4 நல்லது. ஆர் என்றோ ஆர்.ஏ என்றோ இருந்தால் அடிபட்டுத் திருத்திய வண்டி. மூன்று வருடத்துக்கு உட்பட்ட காரில் 4.5க்குக் கீழே இறங்க ஒரு காரணமும் இல்லை. உட்பக்கத்துக்குத் தனி எழுத்து இருக்கும். ஏ அல்லது பி பாருங்கள்.

கீழே காரை மேலிருந்து பார்த்த மாதிரி ஒரு கோட்டுப் படம். அதில்தான் கதையே இருக்கிறது. ஏ1 என்றால் சின்னக் கீறல். யு2 என்றால் நடுத்தர நெளிவு. டபிள்யூ என்றால் தட்டிப் பெயின்ற் அடித்த இடம். எக்ஸ் என்றால் மாற்ற வேண்டிய பாகம். எஸ் என்றால் துரு. ஒரே பக்கக் கதவிலும் பின் மட்கார்டிலும் அடுத்தடுத்து டபிள்யூ இருந்தால், தரம் 4 என்று எழுதியிருந்தாலும், அந்தப் பக்கத்தில் ஏதோ உரசியிருக்கிறது.

துருவைப் பற்றி இன்னொரு விசயம். பனி கொட்டுகிற பிரதேசங்களில் மாரியில் றோட்டுக்கு உப்புப் போடுவார்கள். நம்பர் பிளேட்டில் ஊர்ப் பெயர் இருக்கும். சப்பொரோ, அயோமொரி, நீகாட்டா என்று இருந்தால் காரை லிஃப்டில் தூக்கி அடிப்பக்கம் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

ஏலத்தில் எடுத்த கார் ஏற்றுமதியாளரின் யார்ட்டுக்கு வந்ததும் நீங்கள் நேரில் போய்ப் பார்க்கலாம். ரோட்ஸ்டரில் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டியது கூரை. துணியின் மடிப்பு ஓரங்களைக் கையால் தடவுங்கள். நூல் எழும்பியிருக்கிறதா, பின் கண்ணாடியைச் சுற்றி ஒட்டு விட்டிருக்கிறதா. சீற்றுக்குப் பின்னால் கார்ப்பெற்றை அமத்தினால் ஈரம் தெரிகிறதா. கூரைத் தண்ணீர் இறங்கும் சின்னக் குழாய்கள் இலை குப்பையால் அடைத்தால் தண்ணீர் உள்ளேதான் வரும். காரைப் பார்க்கப் போன அன்று அந்த வட்டக்கச்சிக் கூட்டாளி ஒரு போத்தல் தண்ணீரை மெதுவாகக் கூரை ஓரத்தில் ஊற்றிவிட்டு, முழங்காலில் இருந்து காரின் அடியால் அது வடிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். யார்ட்டில் வேலை செய்த ஜப்பானியப் பெரியவர் ஒன்றும் பேசாமல் போய் இன்னொரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு பக்கமும் பார் என்று அர்த்தம்.

யார் பேரில் ஓடுவது

இந்தத் திட்டத்தின் சிக்கலான முடிச்சு இதுதான். சுற்றுலா வீசாவில் வந்தவர் தன் பேரில் கார் பதிவது நடைமுறையில் ஆகாத காரியம். பதிவுக்கு வதிவிடமும் முத்திரைச் சான்றிதழும் (கையெழுத்துக்குப் பதிலாக அங்கே பாவிக்கும் முத்திரைக்கான சான்று) கேட்பார்கள். கார் நிறுத்த இடம் இருக்கிறது என்று பொலிஸ் நிலையத்தில் எடுத்த சான்றும் வேண்டும். அந்த இடம் வீட்டில் இருந்து இரண்டு கிலோமீற்றருக்குள் இருக்க வேண்டும். சிவப்புக் கோடு போட்ட தற்காலிக நம்பர் ஒன்று உண்டு. அது ஆகக்கூடியது ஐந்து நாளுக்கு, குறிப்பிட்ட வேலைக்கு, குறிப்பிட்ட பாதைக்கு மட்டும். ஊர் சுற்ற அதைப் பாவிக்கக்கூடாது.

ஆக, வழிகள் மூன்று. ஒன்று, ஏற்றுமதியாளர் தன் பேரிலேயே காரை ஓடுநிலையில் வைத்திருப்பது. புதுக் காருக்கு ஜப்பானின் கட்டாயத் தரப் பரிசோதனை மூன்று வருடத்துக்குச் செல்லும். எங்கள் மூன்று வருட விதிக்குள் வருகிற கார் என்பதால் அந்தக் காலம் மிச்சமிருக்கும். பதிவை உடனே ரத்துச் செய்யாதீர்கள் என்று ஏலத்துக்கு முதலே சொல்லிவைக்க வேண்டும். இரண்டு, அங்கே வதியும் நம்பிக்கையான உறவினர் தன் பேரில் பதிந்து, பிறகு ஏற்றுமதியாளருக்குக் கைமாற்றுவது. இதில் கைமாறும் ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்திரம் வேண்டும், இல்லையென்றால் எல்.சி.யோடு ஒத்துவராது. மூன்று, கார் யார்ட்டிலேயே இருக்க, அதே மொடலை வாடகைக்கு எடுத்து ஓடுவது. ரோட்ஸ்டர் வாடகைக்குக் கிடைக்கும். பொறுப்புக் குறைவு, கிலோமீற்றரும் உங்கள் காரில் ஏறாது. கேட்க உப்புச்சப்பில்லாமல் இருக்கலாம். ஜப்பானில் ஆள் பலம் இல்லாதவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

முதல் இரண்டு வழிகளில் போனால் காப்புறுதியைக் கவனியுங்கள். கட்டாயக் காப்புறுதி ஆட்களுக்கு ஏற்படும் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் மட்டும்தான். மற்றவரின் வாகனம், மதில், கடைக் கண்ணாடி எதுவும் அதில் அடங்காது. மேலதிகக் காப்புறுதி எடுத்து, அது உங்களை, அதாவது வெளிநாட்டு அனுமதிப்பத்திரத்தில் ஓடுபவரை, மூடுகிறது என்று எழுத்தில் வாங்குங்கள்.

ஓடும் நாட்கள்

எனக்குப் பிடித்த சுற்று கோபேயில் தொடங்கிக் கோபேயிலேயே முடியும். ஆயிரம் கிலோமீற்றர் அளவில் வரும். கோபே துறைமுகத்தில் இருந்தே கப்பலேற்றலாம் என்பதால் திரும்ப ஓட வேண்டியதில்லை.

கோபேயில் இருந்து மேற்கே ஹிரோஷிமாவுக்கு அதிவேகப் பாதையில் ஒரு நாள். ரோட்ஸ்டர் பிறந்த ஊர் அது. மஸ்டாவின் தலைமையகமும் அதன் அருங்காட்சியகமும் அந்தப் பக்கம்தான்; முன்கூட்டிப் பதிந்தால் போய்ப் பார்க்கலாம். அதே நகரத்தில்தான் 1945 ஓகஸ்ட் 6இல் குண்டு விழுந்தது. அமைதி நினைவு அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் அன்று பின்னேரம் வேறு திட்டம் வைக்காதீர்கள். 2009இல் முள்ளிவாய்க்காலில் நின்றவர்களுக்கு அங்கே யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

அடுத்த நாள் ஒனோமிச்சி. அங்கிருந்து ஷிமனாமி கைடோ என்ற பாதை தீவு தீவாகத் தாவி, 60 கிலோமீற்றர் அளவில், ஷிகொகு தீவின் இமபாரிக்குப் போகிறது. எல்லாம் பாலங்கள். கூரையைத் திறந்துவிட்டுப் போக வேண்டிய இடம் இதுதான். சங்குப்பிட்டிப் பாலத்தில் போகும்போது முகத்தில் அடிக்கிற அதே உப்புக் காற்று. வித்தியாசம், இங்கே பாலம் முடிய மலை, மலை முடிய இன்னொரு பாலம். பெருந்தெருவை விட்டு ஏதாவது ஒரு தீவில் இறங்கி, கரையோரச் சின்ன றோட்டில் தோடம்பழத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மணித்தியாலம் ஓடுங்கள். காரின் கியர் பெட்டி எப்படிப்பட்டது என்பது அந்த மெதுவான வளைவுகளில்தான் தெரியும். மூன்றில் இருந்து இரண்டுக்கு மாற்றும்போது மணிக்கட்டை அசைத்தால் போதும், முழங்கை அசையத் தேவையில்லை.

ஷிகொகுவில் உள்ளே போனால் ஷிகொகு கார்ஸ்ட் என்று 1400 மீற்றர் உயரத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். புல்வெளியில் மாடுகள் மேயும், நடுவால் றோட்டுப் போகும். எங்கள் ஆட்களுக்கு மாட்டுக்கு நடுவே கார் ஓட யாரும் சொல்லித்தர வேண்டாம். குளிர்காலத்தில் பனியால் அந்தப் பக்கம் போக முடியாது. சித்திரை கழியப் போங்கள். பிறகு கிழக்கே தொகுஷிமா, நருத்தோ பாலம், அவாஜி தீவு, கடைசியாக அகாஷி கைக்யோ பாலம். 1998இல் திறந்தது, நடு இடைவெளி 1991 மீற்றர். அதைக் கடந்தால் கோபே.

ஓட்டத்துக்குச் சில கறாரான விசயங்கள். எங்களைப் போல இடப்பக்கம்தான் ஓடுவார்கள் என்பதால் கை தடுமாறாது. பலகை இல்லாத, நடுக்கோடு போட்ட சாதாரண வீதியில் 60, அதிவேகப் பாதையில் பெரும்பாலும் 100. தலைகீழ் முக்கோணச் சிவப்புப் பலகை கண்டால் சில்லு முழுக்க நிற்க வேண்டும், ஊர்ந்து போவது குற்றம். ரயில் கடவையில், படலை திறந்திருந்தாலும், நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் கடக்க வேண்டும். குடித்துவிட்டு ஓடினால் ஓடியவருக்கு மட்டுமில்லை, பக்கத்தில் இருந்தவருக்கும் தண்டனை. பெற்றோல் செட்டில் சிவப்புக் குழாய் சாதாரணப் பெற்றோல், மஞ்சள் உயர் ஒக்ரேன், பச்சை டீசல். ரோட்ஸ்டருக்கு மஞ்சள். அதிவேகப் பாதைக் கட்டணம் பையைக் கடிக்கும். இரவில் வீதியோர ஓய்வு நிலையங்கள் நிறைய உண்டு, கழிவறை பளிச்சென்று இருக்கும்.

கப்பலேற்றம்

திரும்பியதும் காரை நன்றாகக் கழுவுங்கள், அடிப்பக்கமும் சேர்த்து. நம்பர் பிளேட்டைக் கழற்றிக் கொடுத்து, ஏற்றுமதிக்கான பதிவு ரத்துப் பத்திரம் எடுப்பது ஏற்றுமதியாளரின் வேலை. அடுத்தது கப்பலுக்கு முந்திய பரிசோதனை. இங்கே ஒரு விசயம் இடிக்கும். ஏலத்தாளில் 12,000 கிலோமீற்றர், பரிசோதனைச் சான்றில் 13,000. நீங்கள்தான் ஓடினீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும், நாளைக்கு வாங்கப்போகிறவனுக்குத் தெரியாது. காரை எடுத்த அன்றும் கொடுத்த அன்றும் மீற்றரைப் படம் எடுத்து, கட்டணப் பற்றுச்சீட்டுகளோடு வையுங்கள்.

கார் தானே ஓடி ஏறுகிற ரோரோ கப்பல் மலிவு. கொள்கலனுக்குச் செலவு கூட, ஆனால் தூசி படாமல் வரும். புதுசு மாதிரியான சின்னக் காருக்கு ரோரோவே போதும். தாங்கியில் கொஞ்சப் பெற்றோல்தான் விடலாம். டிக்கிக்குள் மருமகனுக்கு வாங்கிய விளையாட்டுச் சாமான், அம்மாவின் சட்டி பானை, எதுவும் வைக்காதீர்கள். கார் மட்டும்தான் கார்.

இறங்கிய பிறகு

கப்பல் அம்பாந்தோட்டைக்கோ கொழும்புக்கோ வரும். பத்திரங்கள் முதலே வங்கிக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். பிந்தினால் துறைமுகத்தில் நாளுக்கு நாள் கூலி ஏறும். கிளியரிங் ஏஜென்ட் இல்லாமல் நீங்களே செய்ய நினைக்காதீர்கள். வரி கட்டி எடுத்ததும் 90 நாளுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும், தவறினால் சி.ஐ.எஃப் பெறுமதியில் மாதத்துக்கு 3 சதவீதம் தண்டம். பதியும்வரை ஓட முடியாது, காவு லொறியில்தான் கொண்டுபோக வேண்டும். நான் சொல்வேன், பதிவு முடியும்வரை கொழும்பிலேயே ஒரு கராச்சில் விடுங்கள். காப்புறுதியையும் அதற்குள் முடித்துவிட்டால், சொந்த நம்பரோடு நீங்களே ஓடிக்கொண்டு வரலாம்.

அந்த நேரத்துக்குள் இரண்டு திருத்த வேலை. ஜப்பான் காரின் ரேடியோ எஃப்.எம்.இல் 76இல் இருந்து 95 வரைதான் பிடிக்கும், எங்கள் நிலையங்கள் பல அதற்கு மேலே. அலைவரிசை மாற்றி ஒன்று பூட்ட வேண்டும். திரையில் ஜப்பானிய எழுத்து. போனை இணைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

கொழும்பில் இருந்து புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி வழியாக வவுனியா. விடியப்புறம் வெளிக்கிடுங்கள். ஓமந்தை தாண்டினால் கூரையைத் திறக்க ஆசை வரும். மத்தியான வெயிலில் திறந்தால் மாங்குளம் வருவதற்குள் தலை சுடும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லாரும் நிற்பதுதான், நீங்களும் நின்று தேங்காய் உடையுங்கள். கச்சான் வாங்கினால் கோதைக் காருக்குள் போடாமல் சாப்பிடுங்கள். இருட்டின பிறகு ஏ9இல் மாடுகள் சூடான தார் றோட்டில் படுத்திருக்கும். ரோட்ஸ்டரின் லைற் உயரத்துக்குக் கறுத்த மாடு கிட்ட வரும்வரை தெரியாது. காலபோக அறுவடைக் காலத்தில் உள்வீதிகளில் பாதி றோட்டுக்கு நெல் காயும். அதன்மேல் ஏறினால் சில்லும் சறுக்கும், சொந்தக்காரரின் வாயும் திறக்கும்.

ரயர் அளவு 195/50, 16 அங்குலம். வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ கடையில் உடனே இருக்கும் என்று நம்பாமல், கொழும்பில் ஒரு சோடி வாங்கி வீட்டில் வையுங்கள். காற்று வடிகட்டியைக் கிரவல் தூசிக்கு ஏற்ற மாதிரி அடிக்கடி கழற்றிப் பாருங்கள், கைநூலில் சொன்ன தவணை எங்கள் ஊருக்குச் சொன்னதில்லை. 95 ஒக்ரேன் பெற்றோல் எந்தச் செட்டில் தவறாமல் இருக்கிறது என்று விசாரித்து வையுங்கள்.

கார் வந்த மாதமே கலியாண வீட்டுக்காரர் வருவார்கள். "தம்பி, பொம்பிளை மாப்பிளையை ஏத்த ஒருக்கா தாருமன்." வந்தவர்களை உள்ளே கூட்டிக்கொண்டு போய்ச் சீற்றைக் காட்டுங்கள். பொம்பிளை ஏறலாம், மாப்பிளை ஏறலாம், அதோடு சரி. மாப்பிளைக்குக் கையால் கியர் போடத் தெரியுமா என்று கேளுங்கள். தெரியும் என்றாலும், உங்கள் காப்புறுதி வேறு ஆள் ஓடுவதை ஏற்கிறதா என்று பார்த்த பிறகுதான் திறப்பைக் கொடுங்கள்.